குளுக்கின் 'ஓர்ஃபே ஏ யூரிடிஸ்': ஒரு மகிழ்முடிவும் அதன் அரங்கியலும்

கிறிஸ்டோஃப் வில்லிபால்ட் குளுக் இசையமைத்த 'ஓர்ஃபே ஏ யூரிடிஸ்' என்னும் பிரெஞ்சு இசைநாடகம் 1774 ஆகஸ்ட் 2 ஆம் நாள் பாரிசில் அரங்கேறியது. 1762 அக்டோபர் 5 ஆம் நாள் வியன்னாவின் பூர்க் அரங்கில் இத்தாலிய மொழியில் நிகழ்த்தப்பட்ட தம் படைப்பையே குளுக் பிரெஞ்சு மேடைக்கென விரித்தும் மாற்றியும் அமைத்தார். ரானியெரி தெ கால்சாபிஜியின் இத்தாலியப் பனுவலைப் பியேர்-லூயி மொலின் பிரெஞ்சில் ஆக்கிக் கொடுத்தார். இரு வடிவங்களும் ஒரே வகையில் முடிகின்றன. இறந்த மனைவியை மீட்கக் கீழுலகம் சென்ற பாடகன், விதிக்கப்பட்ட தடையை மீறி அவளைத் திரும்பிப் பார்க்கிறான், அவள் மீண்டும் இறக்கிறாள், அவன் புலம்புகிறான், அதன்பின் காதல் தெய்வமாகிய அமூர் தோன்றி அவளை இரண்டாம் முறையாக உயிர்பெற்று எழச் செய்கிறது.

அண்மைக் காலத்து அரங்க நெறியாளர் பலருக்கு இந்தக் கடைசிப் பகுதி பெரும் இடையூறாக இருந்துவருகிறது. சிலர் அதனை வெட்டிவிடுகின்றனர், சிலர் எள்ளலாக்குகின்றனர், சிலர் அது கனவு என்று குறிப்புக்காட்டித் தப்பித்துக்கொள்கின்றனர். அவர்கள் கூறும் காரணமும் ஏறத்தாழ ஒன்றே: கிரேக்கத் தொன்மத்தில் இம்முடிவு இல்லை, பேரரசர் முதலாம் ஃபிரான்சிஸின் பெயர்நாள் விழாவையொட்டி நிகழ்ந்த காட்சியில் துயரத்தோடு திரை விழ முடியாது என்பதால் ஒட்டவைக்கப்பட்ட அரசவை மரியாதையே அது. வரலாற்று நிலையில் இவ்விளக்கம் தவறன்று. ஆயினும் ஒரு முடிவு எதற்காக எழுதப்பட்டது என்பதும், எழுதப்பட்டபின் நாடகத்தினுள் அது என்ன செய்கிறது என்பதும் வேறுவேறான வினாக்கள். இரண்டாவது வினாவுக்கு விடை தேடுவோர், மகிழ்முடிவை நீக்கும்போது அதற்கு முன்னுள்ள இரண்டு முக்கிய இடங்கள், அதாவது திரும்பிப் பார்க்கும் கணமும் அதன்பின் வரும் புகழ்பெற்ற புலம்பலும், பொருள் திரிந்துபோவதைக் காண்பர்.

தொன்மம் ஒருபோதும் ஒற்றை முடிவோடு வழங்கவில்லை என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். வெர்ஜில் 'ஜோர்ஜிக்ஸ்' நான்காம் நூலிலும், ஓவிட் 'மெட்டமார்ஃபோசிஸ்' பத்தாம், பதினோராம் நூல்களிலும் கூறும் கதையில் ஓர்ஃபியூஸ் இறுதியில் திரேசியப் பெண்களால் கிழித்தெறியப்படுகிறான். எனினும் ஓவிட்டின் கதையில் இறந்தபின் அவன் கீழுலகில் தன் மனைவியோடு சேர்ந்துவிடுகிறான். அங்கே அவன் விரும்பியபோதெல்லாம் திரும்பிப் பார்க்கலாம், தடையேதும் இல்லை. 1600 இல் ஃபுளோரன்சில் மரியா தெ மெதிச்சியின் திருமண விழாக்களில் நிகழ்த்தப்பட்ட பேரியின் 'யூரிடிசே'யில் தடையே விதிக்கப்படவில்லை. மனைவியை மீட்டுக்கொண்டு அவன் வீடு திரும்புகிறான். மொந்தெவெர்தியின் 'ஓர்ஃபியோ' 1607 இல் அச்சிட்ட பனுவலில் ஒரு முடிவையும், பின்னர் அச்சான இசைநூலில் அப்பொல்லோ அவனை விண்ணுக்கு அழைத்துச்செல்லும் மற்றொரு முடிவையும் கொண்டுள்ளது. ஆகவே 'மூலத் தொன்மத்துக்கு மீள்கிறோம்' என்று அறிவித்து இறுதிக் காட்சியை வெட்டுவோர், பல மூலங்களுள் தமக்கு இசைவான ஒன்றைத் தெரிந்துகொள்கின்றனர் என்பதே உண்மை.

பார்வைக்கு வருவோம். வெர்ஜிலின் ஓர்ஃபியூஸ் திடீரெனத் தலைக்கேறிய பித்தினால் திரும்புகிறான். ஓவிட்டின் ஓர்ஃபியூஸ், அவள் தளர்ந்துவிடுவாளோ என்ற அச்சத்தாலும் காணும் வேட்கையாலும் திரும்புகிறான். இருவரிடத்தும் யூரிடிஸ் ஏறத்தாழப் பேசாதவள். பின்னால் நடந்துவருபவள், திரும்பிப் பார்த்ததும் மறைபவள். குளுக்கின் நாடகத்திலோ மூன்றாம் அங்கத்தின் பெரும்பகுதி அவளுடைய குரலாகவே அமைகிறது. அமூர் விதித்த தடை இரண்டு மடங்கானது: அவன் அவளைப் பார்க்கலாகாது, பார்க்காமைக்குரிய காரணத்தையும் சொல்லலாகாது. உயிர்பெற்று எழுந்தவள் முதலில் காண்பது முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைப் பற்றி இழுத்துச்செல்லும் ஒரு கணவனை. அவள் கேட்கிறாள், அவன் மறுமொழி தரவில்லை. தன்னை இனி விரும்பாதவன் எதற்காக மீட்டான் என்று வினவுகிறாள். இத்தகைய வாழ்வினும் சாவே மேல் என்கிறாள். அவள் உண்மையாகவே துவண்டு விழும் நிலையில்தான் அவன் திரும்புகிறான்.

இங்கு அவனைத் திரும்பவைப்பது வேட்கையுமன்று, ஐயமுமன்று, பரிவு. பார்த்தால் அவள் இறப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். பாராவிடினும் அவள் துயரால் இறந்துகொண்டிருக்கிறாள் என்பது அவன் கண்முன்னே, இல்லை, அவன் முதுகுக்குப் பின்னே நிகழ்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிதல், துயருறுபவளுக்கு மறுமொழி கொடுத்தல் ஆகிய இரண்டனுள் அவன் பின்னதைத் தெரிவுசெய்கிறான். கால்சாபிஜியும் குளுக்கும் தொன்மத்தில் செய்த மிகப் பெரிய மாற்றம் இதுவே. மகிழ்முடிவு இதன் விளைவு மட்டுமே. பார்வையைப் பரிவாக அமைத்துவிட்ட நாடகம் அதற்கு மரணத்தைத் தண்டனையாக விதித்து முடித்தால், தன்னுடைய நீதியையே மறுப்பதாகும்.

இவ்விடத்தை மேடையில் நிகழ்த்துவதில் ஒரு தனிச் சிக்கலும் ஒரு தனி வாய்ப்பும் உள்ளன. இசைநாடகப் பாடகர் காதற் காட்சியில்கூட ஒருவரையொருவர் பார்ப்பது குறைவு. குரல் அவையை எட்ட வேண்டும். இசைக்குழுவை நடத்துபவரின் கையசைவு கண்ணில் பட வேண்டும். எனவே இருவரும் முன்னோக்கி நின்று பாடுவது பழைய மரபு. நாடக அரங்கிலிருந்து வருவோர் நகைக்கும் மரபும் அதுவே. குளுக்கின் மூன்றாம் அங்கம் இந்தத் தொழில்முறை வழக்கத்தைக் கதையின் சட்டமாக்கிவிடுகிறது. ஓர்ஃபே முன்னோக்கி நிற்கிறான், ஏனெனில் பின்னோக்கக் கூடாது. அவனுக்குப் பின்னே நிற்பவளின் முகத்தை அவன் காணான், அவையோர் காண்கின்றனர். இருவர் முகத்தையும் ஒருசேரக் காண்பவர்கள் அவையோர் மட்டுமே. தடை யாருக்கு, அனுமதி யாருக்கு என்ற வினா அரங்கின் கட்டமைப்பிலேயே பொதிந்துள்ளது. இதனை உணர்ந்த நெறியாளர் வேறு உத்தி எதனையும் தேட வேண்டியதில்லை.

இராபர்ட் வில்சன் 1999 இல் பாரிசின் ஷத்தெலே அரங்கில் நெறிப்படுத்திய ஆற்றுகை இதற்கு மாறான ஒரு சான்று. ஜான் எலியட் கார்டினர் இசையை நடத்த, மக்தலேனா கோஷெனா ஓர்ஃபேயாகப் பாடினார். வில்சனின் அரங்கமொழி பலரும் அறிந்தது: நீல ஒளி, வெறுமையான வெளி, மிக மெதுவான அசைவு, தொடுதலைத் தவிர்க்கும் கைகள். அந்த உலகில் எவரும் எவரையும் பார்ப்பதில்லை. சேர்ந்திசைக் குழுவும் பார்ப்பதில்லை, அமூரும் பார்ப்பதில்லை. எல்லாரும் முகந்திருப்பி நிற்கும் இடத்தில் ஒருவனுக்கு மட்டும் விதிக்கப்பட்ட தடை தடையாகவே தோன்றுவதில்லை. அழகில் குறைவில்லாத அந்த ஆற்றுகையில் யூரிடிஸின் முறையீடு காரணமற்ற பிடிவாதம்போல் ஒலிப்பது இதனால்தான். ஆனால் அதே அசைவின்மை புலம்பற் பாடலுக்கு வந்ததும் பெரும் பேறாகிவிடுகிறது. ஒரு கையின் மெல்லிய எழுச்சியோடு, முகத்தில் அழுகைக் குறி ஏதுமின்றி கோஷெனா பாடும்போது, அந்தப் பாடலின் பழைய புதிர் ஒன்று அவிழ்கிறது.

அப்புதிர் இது. யூரிடிஸை இழந்தேன் என்று ஓர்ஃபே பாடும் தனிப்பாடல் மேஜர் சுருதியில் அமைந்தது. வியன்னா வடிவில் சி மேஜர். உயர்ந்த ஆண்குரலுக்காகப் பாரிசில் எஃப் மேஜருக்கு மாற்றப்பட்டது. எங்கும் துயரத்துக்கு வழக்கமான மைனர் இல்லை. அதே மெட்டுக்கு யூரிடிஸைக் கண்டடைந்தேன் என்ற சொற்களை இட்டுப் பாடினாலும் பொருந்தும், இன்னும் நன்றாகவே பொருந்தும் என்று குளுக்கின் காலத்தவரான புவாயே குறிப்பிட்டார். எடுவார்ட் ஹான்ஸ்லிக் 1854 இல் வெளியிட்ட தம் இசை அழகியல் நூலில் இக்கருத்தை எடுத்தாண்டு, இசை தன்னளவில் குறிப்பிட்ட உணர்ச்சி எதனையும் சுட்டுவதில்லை என்ற கோட்பாட்டுக்குச் சான்றாக்கினார். அன்றுதொட்டு இப்பாடல் அழகியல் வகுப்புகளின் நிலையான எடுத்துக்காட்டு.

ஹான்ஸ்லிக்கின் வாதம் இசைக் கோட்பாடு என்ற அளவில் எவ்வாறாயினும், நாடகத்துக்கு அது ஓர் உதவியைச் செய்துவிட்டது. இழப்பைப் பாடும் மெட்டு மீட்சியையும் தாங்கக்கூடியது என்பதை அவர் குறையாகக் கண்டார். நாடகத்தினுள் அது குறையன்று. இப்பாடலில் ஓர்ஃபே அழவில்லை. அழுகைக்கு அப்பால் போய்விட்டவனாகப் பாடுகிறான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் இழவையும் ஒன்றாக வைக்கிறது. அந்த மெய்ப்பாட்டுக்குரிய இடம் இந்நாடகத்தில் முதலங்கமே. திரை விலகும்போது கல்லறையின்முன் ஆயரும் தேவமகளிரும் சி மைனரில் புலம்புகின்றனர். அப்புலம்பலின் நடுவே ஓர்ஃபே பாடுவது ஒரே ஒரு சொல், யூரிடிஸ் என்ற பெயர், மூன்று முறை. என்பை அறுப்பதுபோன்ற வலியோடு அதைக் கத்த வேண்டும் என்று குளுக் 1774 இன் பாடகரான ஜோசஃப் லெகுரோவிடம் கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. ஆகவே முதற் சாவுக்கு மைனரும் அலறலும். இரண்டாம் சாவுக்கு மேஜரும் தெளிவும். இவ்வரிசையை மாற்றி, தனிப்பாடலில் விம்மலையும் உடைந்த குரலையும் புகுத்தும் பாடகர் மெட்டோடு போராடித் தோற்கிறார். மெட்டு அழ மறுக்கிறது.

பாடலின் அமைதி எதற்கு இட்டுச்செல்கிறது என்பதில்தான் இறுதிக் காட்சியின் தேவை தெரியவரும். பாடி முடித்த ஓர்ஃபே தன் உயிரை மாய்த்துக்கொள்ள முனைகிறான், அமூர் தடுக்கிறது, அதன் பின்னரே யூரிடிஸ் திருப்பி அளிக்கப்படுகிறாள். இவ்வரிசை முக்கியமானது. பிளேட்டோவின் 'விருந்து' என்னும் உரையாடலில் ஃபைதிரஸ் ஓர்ஃபியூஸைப் பழிக்கிறான்: கணவனுக்காக உயிர்துறந்த அல்கெஸ்டிஸைப் போல் காதலுக்காக இறக்கத் துணியாமல், உயிரோடு கீழுலகம் புகத் தந்திரம் தேடிய மென்மைக்காரன் அவன், அதனாலேயே தேவர்கள் அவனுக்கு மனைவியின் வெறும் நிழலைக் காட்டி அனுப்பினர் என்பது அக்குற்றச்சாட்டு. கால்சாபிஜி இதை மனத்திற் கொண்டாரா என்பது இங்கு வினாவன்று. நாடகம் அக்குற்றச்சாட்டுக்கு விடையாக அமைந்துவிடுகிறது என்பதே கருதத்தக்கது. இசையால் கீழுலகத்தை வென்றபோது கிடைத்தவள் நிபந்தனையோடு கிடைத்தாள். இசை பயன்படாத இடத்தில், கையில் யாழும் இல்லாமல், தானும் இறக்க அணியமாகும்போது கிடைப்பவள் நிபந்தனையின்றிக் கிடைக்கிறாள். குளுக்கும் கால்சாபிஜியும் இதற்கடுத்து 1767 இல் வியன்னாவில் அரங்கேற்றிய சீர்திருத்த இசைநாடகம் 'அல்செஸ்தே' என்பது பொருத்தமான தொடர்ச்சி.

இந்நிலையில் இறுதிக் காட்சியை வெட்டுவோர் அனைவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது முறையாகாது. பீனா பவுஷ் 1975 இல் வுப்பர்த்தாலில் படைத்த நடன-இசைநாடகம் இவ்வகையின் உச்சம். ஜெர்மன் மொழியில் பாடப்படும் அவ்வடிவில் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு பாடகரும் ஓர் ஆடுநரும் என இரண்டாகப் பிரிகிறது. நாடகம் துக்கம், வன்முறை, அமைதி, சாவு என்னும் நான்கு பகுதிகளாகிறது. இறுதியில் அமூர் வருவதில்லை. தொடக்கத்துப் புலம்பலே மீண்டும் ஒலிக்கிறது. 2005 இல் பாரிஸ் ஓபரா பாலே இதைத் தன் ஆற்றுகைத் தொகுதியில் சேர்த்துக்கொண்டது. பவுஷின் முடிவு ஏற்கத்தக்கதாவது அவர் எதையும் வெறுமனே வெட்டாததால். குரலையும் உடலையும் பிரித்தபோதே அவர் வேறொரு நாடகத்தை எழுதத் தொடங்கிவிட்டார். பாடும் ஓர்ஃபே துயரத்தைச் சொல்லவல்லவன்; ஆடும் ஓர்ஃபே சொல்லற்றவன். புலம்பற் பாடலின்போது ஆடுபவர் அசைவற்றுப்போக, பாடல் பாடகரிடத்தே தங்கிவிடுகிறது. கலை ஆறுதல் தருகிறது, ஆனால் தேவையுற்ற உடலை அது எட்டுவதில்லை. இத்தகைய நாடகத்தில் அமூருக்கு இடமில்லைதான்.

பவுஷுக்குப் பின் வந்தோர் பலர் அவருடைய முடிவை எடுத்துக்கொண்டு, அம்முடிவை அவருக்கு ஈட்டித்தந்த பிரிவினையை விட்டுவிட்டனர். தொடக்கப் புலம்பலைக் கடைசியில் மீண்டும் பாடுவித்து முடிப்பது இன்று ஏறத்தாழ ஒரு மரபாகிவிட்டது. 2018 இல் பாரிசின் ஒப்பெரா-கொமிக் அரங்கில் ஒரெலியன் பொரியின் நெறியாள்கையில், இரஃபாயேல் பிஷோன் இசையை நடத்திய நேர்த்தியான ஆற்றுகையும் இவ்வாறே முடிந்தது. காட்சி அழகில் அது சிறந்தது: சாய்த்து நிறுத்திய ஒளித்திரையில் உருக்கள் மிதப்பதுபோலத் தோன்றும் பழைய மேடைத் தந்திரம் ஒன்றை அது புதுப்பித்தது. ஆனால் தொடங்கிய இடத்திலேயே முடியும் அவ்வட்டத்தில் ஓர்ஃபேயின் பார்வை எதையும் மாற்றுவதில்லை. அவன் போனதும் வந்ததும் ஒன்றுபோலாகின்றன. துயரம் பொய்க்காது, ஆறுதலே பொய்க்கும் என்ற நம் காலத்து ஐயம் இங்கே இசையின் ஐயமாகக் காட்டப்படுகிறது. இசையிலோ அந்த ஐயத்துக்குச் சான்றில்லை.

ஓர்ஃபேயை யார் பாடுவது என்பதும் முடிவோடு தொடர்புடைய வினாவே. 1762 இல் பாடியவர் கய்தானோ குவாதாஞி. சிறுவயதிலேயே விதைநீக்கம் செய்யப்பட்டுப் பெண்குரலின் உயரத்தைத் தக்கவைத்துக்கொண்ட காஸ்ட்ராட்டோ பாடகர். பாரிசின் அவையோர் அவ்வகைக் குரலை நாயக வேடத்தில் ஏற்காததால், லெகுரோவின் உயர்ந்த ஆண்குரலுக்கு ஏற்பப் பகுதி மாற்றப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசைக்கருவிகளின் சுருதி உயர்ந்துகொண்டே போனதால் அப்பகுதி பாட முடியாத உயரத்துக்குச் சென்றது. 1859 நவம்பர் 18 இல் தெயாத்ர் லிரிக் அரங்குக்காக எக்தோர் பெர்லியோஸ் இரு வடிவங்களையும் கலந்து, போலின் வியார்தோ என்ற பெண்ணின் ஆழ்ந்த குரலுக்கு அமைத்துக் கொடுத்தார். நூறு முறைக்கு மேல் அது மேடையேறியது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஓஃபென்பாக் 'கீழுலகில் ஓர்ஃபே' என்ற கேலி இசைநாடகத்தில் குளுக்கின் அதே புலம்பலை எடுத்தாண்டு பாரிசைச் சிரிக்கவைத்திருந்தார். கேலிக்குப் பின்னும் அதே நகரம் வியார்தோவின் முன் அழுதது என்பது அவருடைய கலைக்குச் சிறந்த நற்சான்று. பெர்லியோசும் மகிழ்முடிவை நீக்கவில்லை. 1774 இன் கடைசிச் சேர்ந்திசையை மட்டும் விலக்கி, குளுக்கின் 'எக்கோ ஏ நார்சிஸ்' நாடகத்திலிருந்து வேறொன்றை வைத்தார். பழமையை அத்துணை போற்றிய அவர் பொருளற்ற ஒட்டு என்று கருதியிருந்தால் அமூரையே அகற்றியிருப்பார் என்று கொள்ளலாம்.

பார்வையின் அறத்தை அண்மைக்காலத்தில் மிகக் கூர்மையாக எழுப்பிய ஆற்றுகை ரோமெயோ கஸ்டெலுச்சி 2014 இல் பிரசல்சின் லா மொனே அரங்கில் பெர்லியோஸ் வடிவைக்கொண்டு நிகழ்த்தியது. ஸ்டெஃபனி துஸ்திராக் மேடையில் தனித்து நின்று பாட, பின்புலத் திரையில் ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாறு எழுத்துகளாக ஓடியது. உணர்வு முழுமையாக இருந்தும் உடல் அசையாத நோய்நிலையில் மருத்துவமனையில் கிடந்த உண்மையான ஒருவர் அவர். ஒலிபெருக்கி வழியன்றிச் செவிக்கருவி வழியாக அதே மாலை நிகழ்ச்சியின் இசையை அவர் தம் படுக்கையிலிருந்து கேட்டார். ஒளிப்பதிவுக் கருவி நகரின் தெருக்கள் வழியே அவர் அறையைச் சென்றடைந்து அவரை நேரலையாகக் காட்டியது. எலீசியத்தின் நல்லுயிர்கள் ஆடும் இடத்துக் குழலிசை அந்த அறையில் ஒலிப்பதை அவையோர் கண்டனர்.

இது சுரண்டலா, மரியாதையா என்று அப்போதே வாதங்கள் எழுந்தன. அவரும் குடும்பத்தாரும் இசைவு தந்திருந்தனர் என்பதால் சுரண்டல் என்ற சொல் எளிதில் ஒட்டாது. ஆயினும் இசைவு என்பது அறத்தின் வினா. கலையின் வினா வேறு. குளுக்கின் நாடகத்தில் பார்ப்பவன் பார்த்ததற்கு விலை கொடுக்கிறான். ஆயிரம் பேர் இருட்டில் அமர்ந்து ஒரு நோயாளியைப் பார்க்கும் அரங்கில் பார்ப்போர் எந்த விலையும் கொடுக்கவில்லை. யூரிடிஸ் இங்கே மீண்டும் வெர்ஜிலின் யூரிடிஸாகிவிடுகிறாள்: பேசாதவள், காணப்படுபவள். குளுக் அவளுக்குக் கொடுத்த நீண்ட முறையீட்டை மேடையில் வேறொருவர் பாட, திரையில் கிடப்பவர் மௌனமாகவே இருக்கிறார். கஸ்டெலுச்சியின் ஆற்றுகை நெஞ்சை உலுக்கியது என்பதில் ஐயமில்லை. அவ்வுலுக்கலில் இசைக்கு உரியது எவ்வளவு, படுக்கைக்கு உரியது எவ்வளவு என்று பிரித்தறிய அவையோருக்கு வழி விடப்படவில்லை என்பதே அதன் குறை.

இறந்தவர் எழுந்து பேசும் காட்சி தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து ஊர்சூழ்வரியில் வெட்டுண்டு கிடந்த கோவலன் எழுந்து கண்ணகியின் கண்ணீரைத் துடைத்து, அவளை இருக்கச் சொல்லிவிட்டு விண்ணுலகு செல்கிறான். நடந்தது மாயமோ என்று அவள் மயங்குகிறாள். பதினான்காம் நாள் நெடுவேள் குன்றத்து வேங்கை நிழலில் அவன் வானூர்தியோடு வந்து அவளை அழைத்துச்செல்கிறான். முதல் மீட்சியைக் கண்டவள் கண்ணகி மட்டுமே. ஆகவே அது ஐயத்துக்கு உரியதாகிறது. இரண்டாவதைக் குன்றக் குறவர் கண்டனர். ஆகவே அது செய்தியாகி, செங்குட்டுவன் செவிக்கு எட்டி, கல்லும் கோயிலும் ஆகிறது. இரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் கூறுவதற்கில்லை. ஆனால் மீட்சியை மேடையேற்றுவோர்க்கு இவ்வொப்பீடு ஒன்றைத் தெளிவாக்குகிறது: மீட்சியின் உண்மை அதைக் காண்போரைப் பொறுத்தது. குளுக்கின் நாடகத்திலும் தடைபட்ட பார்வை இருவருக்கிடையில் தனிமையில் நிகழ்கிறது. இறுதிக் காட்சியோ ஆயரும் ஆய்ச்சியரும் கூடிய கோயிலில் நிகழ்கிறது. முதலங்கத்தில் கல்லறையைச் சூழ்ந்து அழுத அதே கூட்டம் அது. நெறியாளர் அக்கூட்டத்துக்கு இரு இடங்களிலும் ஒரே முகங்களைக் கொடுத்தால், அவர்கள் கண்டதைக்கொண்டு அவையோரும் நம்புவர். சேர்ந்திசைக் குழுவை இசைக்குழுவோடு கீழே அமர்த்திவிடும் இன்றைய வழக்கம் இவ்வாய்ப்பைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறது.

எஞ்சுவது நடனம். பாரிஸ் வடிவின் இறுதியில் பாட்டு முடிந்தபின்னும் ஆட்டங்கள் நீள்கின்றன. சக்கோன் என்னும் பெருநடனமும் அவற்றுள் அடங்கும். வெட்டுவோர்க்கு முதலில் கைபடுவது இப்பகுதியே. அன்றைய பாரிஸ் அவையோர் பாலே இல்லாத முடிவை ஏற்றிருக்கமாட்டார்கள் என்பது மெய். ஆனால் பயனின்றி வைக்கப்பட்ட நடனமே பயனற்றது. ஜான் நொய்மயர் 2017 இல் சிக்காகோவின் லிரிக் ஓபராவில், ஜொஃப்ரி பாலேயின் ஆடுநரைக்கொண்டு இதே பிரெஞ்சு வடிவை நெறிப்படுத்தியபோது ஓர்ஃபேயை நடன அமைப்பாளனாகவும் யூரிடிஸை அவன் குழுவின் ஆடுநராகவும் ஆக்கினார். சாலை விபத்தொன்றில் அவள் இறக்கிறாள். அங்கே இறுதி நடனங்கள் அவன் அவளுக்காக அமைக்கும் ஆட்டமாகின்றன. உயிர்த்தெழுதலை நினைவாகச் சுருக்கிவிட்டது என்ற வகையில் இதுவும் ஒரு தப்பித்தலே. எனினும் நடனங்களுக்கு ஒரு வேலை கொடுத்த தப்பித்தல், வெட்டியதைவிட மேலானது.

அந்த நடனங்களின்போது ஓர்ஃபேக்கும் யூரிடிஸுக்கும் பாட ஏதுமில்லை என்பதைப் பனுவல் படிப்போர் கவனிப்பதில்லை. மூன்றாம் அங்கம் முழுதும் பாட வேண்டியிருந்ததால் முன்னோக்கி நின்றவர்கள். தடையால் முகந்திருப்பி நின்றவர்கள். இப்போது குரல் எழுப்ப வேண்டாம், இசை நடத்துபவரைப் பார்க்க வேண்டாம், தடையும் இல்லை. மேடையின் ஓரத்தில் இருவரையும் அமர்த்தி, மற்றவர்கள் ஆட, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க விடலாம். சக்கோன் நீளமானது, அதற்கு வேண்டிய நேரம் அதில் உண்டு.